ஒரே களத்தில் இரு நாய்கள்

குருவானவர் நாய்களைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் எந்தக் குருவானவரும் வீட்டுத் தலைவரின் முகத்தைக் காண்பதற்கு முன்னர் வீட்டு நாயின் முகத்தைத்தான் காண்கிறார் என்பதே அவர்களுக்கு என் விடை. ராஜகுளத்திலும் உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அண்மைக் காலத்தில் பெருநாய்கள் பெருகிவிட்டன. கழனியில் மோட்டார் வயரை அறுத்துச் செல்கிறார்கள். பட்டியில் ஆடு காணாமற்போகிறது. கரும்பிலும் வேர்க்கடலையிலும் காட்டுப்பன்றி புகுகிறது. எனவே மோட்டார் கொட்டகைக்கு ஒரு நாய், வீட்டுக்கு ஒரு நாய் என்று வாங்கிக் கட்டுகிறார்கள். ஒன்று இருந்தவரை தொல்லையில்லை. இரண்டாவது வந்து, அதுவும் முதலாவதைப் போலவே ஆணாகவோ, முதலாவதைப் போலவே பெண்ணாகவோ அமைந்துவிட்டால், ஓராண்டு இரண்டாண்டுக்குள் அந்த வீட்டில் அமைதி குலைகிறது. சென்ற மூன்று ஆண்டுகளில் இப்படி நான்கு குடும்பத்தார் என்னிடம் வந்து முறையிட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒரு குடும்பத்தின் செய்தியை, அவர்களுடைய இசைவு பெற்று, பெயர் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் வாங்கியவை ராஜபாளையம் இன நாய்கள். தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர் காலத்திலிருந்து வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் அது. பால் போன்ற வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். முழுதும் வளர்ந்த ஆண் தோள்வரை இரண்டேகால் அடிக்கு மேல் நிற்கும். 1980களில் தமிழக அரசே சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென ஓர் இனப்பெருக்கப் பிரிவை நடத்தியது. 2005 சனவரி 9ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, முதோல், ராம்பூர் வேட்டை நாய்களோடும் இமயமலை ஆட்டு நாயோடும் ராஜபாளையமும் இடம்பெற்றது. தலைவர் ஒருவரிடம் மட்டுமே மனம் ஒட்டும்; அயலாரை அண்டவிடாது; மற்றொரு நாயையும் எளிதில் ஏற்காது. வாங்குவோரிடம் முதல் இரண்டையும் பெருமையாகச் சொல்லும் வியாபாரிகள் மூன்றாவதைச் சொல்வதில்லை.

இவர்களுக்கு விற்றவரோ ஒருபடி மேலே சென்றார். "ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஐயா, ஒன்றாகவே வளர்ந்தால் சண்டையே வராது" என்று கூறி, ஒரே ஈற்றின் இரண்டு ஆண் குட்டிகளை ஒன்றாகக் கொடுத்துவிட்டார். ஒன்றுக்கு மணி என்றும், பெரிதாக இருந்த மற்றதற்கு வீரன் என்றும் பெயரிட்டார்கள். ஒன்றரை ஆண்டுவரை அவர் சொன்னது உண்மை போலவே தோன்றியது. ஒரே சாக்கில் படுத்தன. ஒரே தட்டில் உண்டன. வீட்டு மூதாட்டி கழனியிலுள்ள மோட்டார் கொட்டகையிலேயே இரவில் தங்குபவர். கணவர் மறைந்தபின் அந்த இடத்தை விட்டு வர அவருக்கு மனமில்லை. இரண்டு நாய்களும் அவருடைய கட்டிலின் இருபுறமும் படுத்திருக்கும். அப்படியிருக்கையில் ஒரு நாள் மாலை தட்டருகே ஓர் உறுமல் எழுந்தது. அடுத்த வாரம் காதோரம் ஒரு கிழிசல். பிறகு மாதம் ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை.

குடும்பத் தலைவர் ஞாயிறு பூசை முடிந்தபின் என்னைச் சந்தித்து, "யார் பெரியவன் என்று காட்டுகிறான், சாமி. அந்த வீரனுக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது" என்றார். உறவினர் ஒருவர் அவருக்கு ஓர் ஆலோசனை கூறியிருந்தார்: இரண்டையும் அவிழ்த்துவிட்டுச் சண்டையிட விடு, ஒன்று தோற்றுப் பணியும், அதன்பின் தொல்லை தீரும். வேறொருவர் கூறியது அதைவிடக் கொடிது: வீரனை மல்லாக்கத் தள்ளி, கழுத்தைப் பிடித்து அமுக்கி, நான்தான் தலைவன் என்று நீயே காட்டு. இவ்விரண்டு ஆலோசனைகளும் உலகமெங்கும் வழங்குபவை. அவற்றின் வேர் எங்கே இருக்கிறது என்று சொல்வது பயனுடையது.

1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர், பாசல் நகர விலங்குக்காட்சிச் சாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அக்கூட்டத்தில் தலைமைக்காக ஓயாத போட்டி நடப்பதாகவும், ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் எதிரிகளாக நின்று முதலிடம் பிடிப்பதாகவும் அவர் கண்டார். 1970இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் ஓநாய்களைப் பற்றி எழுதிய நூல் இக்கருத்தை எங்கும் பரப்பிற்று. நாய் ஓநாயின் வழிவந்தது. ஆகவே நாய்க்கும் தலைமை வெறி உண்டு. மனிதன் நாயை அடக்கித் தலைவனாக வேண்டும் என்று நாய் பழக்குவோர் முடிவு கட்டினார்கள். ஆனால் அதே மெக், 1986 முதல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களை அருகிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம். முதலிடம் போரிட்டு வென்றதன்று. பெற்றோர் என்பதால் இயல்பாக அமைந்தது. வளர்ந்த பிள்ளைகள் பிரிந்து போய்த் தனிக் குடும்பம் அமைத்தன. அடைபட்ட கூண்டில், பிரிந்துபோக வழியின்றி, ஒன்றுக்கொன்று அயலான விலங்குகள் சண்டையிட்டதைத்தான் முன்னவர்கள் இயற்கையின் சட்டமென்று எண்ணினார்கள். 1999இல் மெக் இதை வெளிப்படையாக எழுதினார். தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாமென்று பதிப்பாளரிடமும் கேட்டுக்கொண்டார். கற்றவர் ஒருவர் தம் நூலைத் தாமே நிறுத்தச் சொல்வது எளிய காரியமன்று.

(கி.பி. 919, 921 ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகளில், வாரிய உறுப்பினரைக் குடவோலையிட்டுத் தேர்ந்த முறையைப் பொறித்து வைத்த ஊர் உத்திரமேரூர். தலைமைக்குத் தகுதி வகுத்த அந்த ஊர்ப்பக்கத்தில் வாழ்கிற நாமும், நாய்க்குத் தலைமை உடல் வலியால்தான் வரும் என்று நம்புவது வேடிக்கைதான்.)

அதற்காக ஆணுக்கும் ஆணுக்கும் இடையே உள்ள பகை பொய்யென்று சொல்ல வரவில்லை. அது உண்மை. பெருநாய்கள் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் மனத்தளவில் முதிர்கின்றன. குட்டியாயிருந்தபோது பொறுத்துக்கொண்டதை அப்பருவத்தில் பொறுப்பதில்லை. அமெரிக்காவில் ஒரே வீட்டில் வாழ்ந்து சண்டையிட்ட 38 நாய் இணைகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். அவற்றுள் 79 விழுக்காடு ஒரே பாலைச் சேர்ந்த இணைகள். சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் வயதில் இளையது, அல்லது பின்னால் வந்து சேர்ந்தது. சண்டைக்குக் காரணமாயிருந்தவை எவை? தலைவரின் கவனம், உணவு, திடீர்ப் பரபரப்பு, கீழே கிடந்து கண்டெடுத்த பொருள். அரசுரிமைப் போர் எதுவும் அங்கே இல்லை. எலும்பும், வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிளும், தலையைத் தடவும் கையும்தான்.

பெண் நாய்கள் சாதுவானவை என்றெண்ணி இரண்டு பெண் குட்டிகளை வாங்குவோருக்கும் ஒரு சொல். ஆண்களின் சண்டையில் ஆரவாரம் மிகுதி. பெண்களின் சண்டையில் காயம் மிகுதி, பகையும் நீண்டது. நான் பயின்ற குருமடத்தில் தாயும் மகளுமாக இரண்டு பெண் நாய்கள் இருந்தன. மகள் பருவமெய்திய ஆண்டு முதல் ஒன்று மாட்டுக்கொட்டகையில், மற்றது சமையற்கட்டின் பின்புறம். இறுதிவரை ஒன்றையொன்று காண விடவில்லை. எங்கள் அதிபர் அதற்கென நேர அட்டவணையே போட்டு, எங்கள் தியான அட்டவணைக்கு அருகில் ஒட்டியிருந்தார். ஆணும் பெண்ணுமாக வளர்ப்பதே இருவருக்கும் நிம்மதி. குட்டி வேண்டாமென்றால் கருத்தடை செய்துவிட வேண்டும்.

ராஜகுளத்துக் குடும்பத்துக்கு வருகிறேன். உறவினரின் முதல் ஆலோசனையை அவர்கள் ஒருமுறை செய்து பார்த்தார்கள். இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட இரண்டு விலங்குகள் களத்துமேட்டில் மோதின. பணிவு எதுவும் பிறக்கவில்லை. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்குப் பாதையைத்தான் செப்பனிடுகிறது. அதைக் காணப் பொறாத பன்னிரண்டு வயது மகன் ஓடிச்சென்று வீரனின் கழுத்துப்பட்டையைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தான். வீரன் திரும்பியது. சிறுவனின் முன்கையில் நான்கு பற்கள் இறங்கின.

சண்டையிடும் நாய்களின் நடுவே கையை விடாதீர்கள் என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வதுண்டு. அந்த நொடியில் நாய்க்குத் தன் தலைவனின் கையென்றும் எதிரியின் காதென்றும் வேறுபாடு தெரியாது. வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், தகரத்தைத் தட்டுங்கள், கனமான போர்வையை மேலே எறியுங்கள், கதவுப் பலகையோ முறமோ நாற்காலியோ இடையில் செருகுங்கள். எதுவும் பயன்படாவிட்டால், பெரியவர்கள் இருவர் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கி, தள்ளுவண்டியை இழுப்பது போலப் பின்னோக்கி வளைத்து இழுத்துப் பிரிக்கலாம். ஒருவராக இதைச் செய்யக் கூடாது. கடி பட்டால் மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று தள்ளிப்போடலாகாது. வெறிநோய் கண்டபின் மருந்தில்லை. இந்தச் சிறுவனுக்கு எல்லாம் முறையாக நடந்தது. கை ஆறிவிட்டது.

ஆறாதது வேறு. தந்தை முடிவு செய்துவிட்டார்: இனி வீரன் இவ்வீட்டில் இல்லை. இரவில் வண்டியில் ஏற்றிப் பாலாற்றங்கரையில் விட்டுவிடுவது, அல்லது ஊசி போட்டு முடித்துவிடுவது. பிள்ளையின் கையைப் பார்த்த தந்தையிடம் யார் என்ன வாதிட முடியும்? சிறுவனோ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தான் இழுத்தேன், அவன் வேண்டுமென்று கடிக்கவில்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மூதாட்டி என்னை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார். "சாமி, கடித்த நாயை வைத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் அது கெட்ட நாயில்லை. கூப்பிட்டால் வருவதில்லையே தவிர, என் கட்டிலை விட்டு அது அசைந்ததில்லை" என்றார். கூப்பிட்டால் வருவதில்லை என்ற சொல் என் மனத்தில் தங்கியது. கடித்த நாயைப் பத்து நாள் எப்படியும் கவனித்தாக வேண்டும். அதுவரை பொறுங்கள் என்று தந்தையிடம் கேட்டுக்கொண்டு, உத்திரமேரூர்ப் பக்கம் பணியாற்றும் கால்நடை மருத்துவரை அழைத்துச் சென்றேன்.

இளைஞர், பேச்சு குறைவு. நாய்களைத் தனித்தனியே கட்டச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் அமர்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். வீரன் கயிற்றுக் கட்டிலின் மேல் ஏறிப் படுத்து உறங்கத் தொடங்கியதும், காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக, நிழல் விழாதபடி அதன் பின்னால் சென்று நின்று, பையிலிருந்த ஊதலை எடுத்து ஓங்கி ஊதினார். களத்தின் மறுகோடியில் மணி துள்ளி எழுந்தது. கொட்டகைமேல் இருந்த காகங்கள் பறந்தன. வீரனின் செவிமடல்கூட அசையவில்லை. இன்னும் மூன்று முறை ஊதினார். பிறகு தந்தையைப் பார்த்து, "இதற்குக் காது கேட்காது. பிறவியிலேயே கேட்காது" என்றார்.

முழு வெண்மை நாய்களில் இக்குறை உண்டு என்றும், ராஜபாளையத்தில் இது அறிந்த செய்திதான் என்றும் அவர் விளக்கினார். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களே உட்செவியின் நலத்துக்கும் வேண்டும். அவை அங்கே இல்லாதபோது, பிறந்த சில வாரங்களிலேயே கேள்விப்புலன் பட்டுப்போகிறது. வெள்ளை நிறத்துக்காகவே ஆண் பெண்ணைத் தேர்ந்து சேர்ப்பதால் குறையும் கூடவே வருகிறது. இரண்டு ஆண்டுகள் ஒருவருக்கும் எப்படித் தெரியாமற்போயிற்று? மணி எழுந்தால் வீரன் எழுந்தது. மணி வாசலுக்கு ஓடினால் அதுவும் ஓடியது. உடன்பிறப்பின் கண்ணும் வாலுமே அதற்குக் காதாக இருந்தன. சண்டைக்குப்பின் இரண்டையும் பிரித்துக் கட்டியபோதுதான் அது அழைப்புக்கு வராமலிருந்தது பளிச்சென்று தெரிந்தது. அதைத்தான் திமிர் என்றார்கள்.

சண்டையின் காரணமும் அங்கே விளங்கிற்று. மணி பருவமடைந்தபின் தட்டருகே உறுமத் தொடங்கியது. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. நெருங்காதே, நெருங்கினால் கடிப்பேன் என்று முன்கூட்டிச் சொல்லும் நாகரிகம். செவியுள்ள நாய் அதைக் கேட்டு ஒதுங்கும். பின்புறமிருந்து வந்த வீரனுக்கு அது எட்டவேயில்லை. எச்சரித்தும் மதியாதவன் என்று மணி கடித்தது. காரணமின்றிக் கடித்தவன் என்று வீரன் திருப்பித் தாக்கியது. உறுமும் நாயை அடிக்கும் பழக்கமும் அந்த வீட்டில் இருந்ததால், மணி நாளடைவில் உறுமாமலே கடிக்கவும் கற்றுக்கொண்டது. நாய் உறுமினால் அடிக்காதீர்கள். அதற்கு என்ன வேண்டாமென்று பார்த்து, அதை விலக்குங்கள்.

செவிடு ஒன்றே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. ஒரே வயதுடைய இரண்டு ஆண். செவி இருந்திருந்தாலும் ஏதோ ஒரு நாள் மோதியிருக்கக்கூடும் என்றுதான் கூறினார். ஆண்மை நீக்கும் அறுவை உதவும், முற்றாகத் தீர்க்காது என்பதையும் மறைக்கவில்லை. 1976இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அவ்வாறு செய்தபின் ஆண் நாய்களோடு சண்டையிடுவது ஏறத்தாழ 60 விழுக்காட்டு நாய்களில் குறைந்தது. பெண்களின் பகையில் இந்தப் பயனை எதிர்பார்க்க முடியாது. வீரனுக்கு அறுவை செய்யப்பட்டது. அதன் குறை அடுத்த தலைமுறைக்குப் போகாதிருக்கவும் அது தேவைதான். மணிக்கும் பிறகு செய்தார்கள்.

மற்றவையெல்லாம் மருந்தல்ல, உழைப்பு. களத்தின் குறுக்கே ஆளுயர மண்சுவர் ஒன்று எழுப்பினார்கள். கம்பிவலை போதாது, வலையின் இருபுறமும் நின்று நாளெல்லாம் குரைத்துப் பகை வளர்க்கும். தனித்தனித் தட்டு, தனித்தனி நேரம், உண்டபின் தட்டைக் கழுவி எடுத்துவிடுதல். பகல் முழுதும் சங்கிலியில் கட்டி வைப்பதை நிறுத்தினார்கள். சங்கிலியில் கிடந்தால்தான் நாய்க்கு வீரம் வரும் என்று இப்பக்கத்தில் நம்புகிறார்கள். வருவது வீரமன்று, எரிச்சல். இரண்டு மாதம் கழித்து, தந்தை ஒன்றையும் மகன் மற்றொன்றையும் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரையில் இருபதடி இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்கத் தொடங்கினார்கள். எதிரெதிராக வரச் செய்யக் கூடாது. முகத்துக்கு முகம் பார்ப்பதே நாய்களுக்கு அறைகூவல். இடைவெளி இப்போது ஐந்தடியாகக் குறைந்திருக்கிறது. அதற்குமேல் நெருங்க விடப்போவதில்லை. ஒன்றாக அவிழ்த்துவிடப்போவதும் இல்லை. சில இணைகளுக்கு வாழ்நாள் முழுதும் சுவர்தான் சமாதானம். சுவர் எழுப்ப இடமோ பொருளோ இல்லாத வீட்டார், ஒன்றை நல்ல கைகளில் ஒப்படைத்துவிடுவது குற்றமாகாது; ஆற்றங்கரையில் விடுவதுதான் குற்றம்.

இந்நாட்களில் பெருநாய்களென்றாலே அச்சம் பரவியிருக்கிறது. 2024 மார்ச் 12ஆம் நாள் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதையும் நாளிதழ்களில் படித்தோம். அச்சுற்றறிக்கையில் நம் தமிழகத்து நாய்கள் எதுவும் இல்லை. ஆயினும் தந்தை அப்பட்டியலை என்னிடம் காட்டி, "இன்னொரு நாயோடு சண்டையிடுவது நாளைக்கு மனிதனையும் கடிக்காதா?" என்று கேட்டார். இரண்டும் வேறு. தன்னினத்தோடு பகைக்கும் பல நாய்கள் பிள்ளைகளிடம் பசுவாக இருப்பதுண்டு. ஆனால் சண்டையின் நடுவே புகும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு பயன் தராது. ஆகவே பெரியவர் துணையின்றிச் சிறுவன் நாய்களை அவிழ்க்கலாகாது என்ற கட்டளை அவ்வீட்டில் இன்றும் இருக்கிறது.

வீரனை யாரும் இப்போது பின்னாலிருந்து தொடுவதில்லை. உறங்கும்போது எழுப்ப வேண்டுமென்றால் கட்டிலின் காலை மெல்லத் தட்டுகிறார்கள். சிறுவன் அதற்குக் கை மொழி கற்றுக்கொடுத்திருக்கிறான்: உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காரும், இரு கைகளையும் விரித்தால் ஓடி வரும், கட்டைவிரலை உயர்த்தினால் நீ செய்தது சரி என்று பொருள். தந்தை நெடுநாள் இதில் கலந்துகொள்ளவில்லை. சென்ற தை மாதம் ஓரிரவு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டு அவ்வழியே திரும்புகையில், கழனி நடுவே ஒரு டார்ச் விளக்கு மூன்று முறை மின்னி அணைவதைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். வரப்பின்மேல் தந்தை நின்றிருந்தார். இருளில் வெள்ளையாக ஏதோ நெற்பயிரைச் சுற்றிக்கொண்டு அவரை நோக்கி ஓடி வந்தது. "அம்மா கொட்டகையில் தனியாக இருக்கிறார்கள், சாமி; அழைத்துக்கொண்டு போய் விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, அதைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.